செல்சீ மூலிகைத் தோட்டம்: நாட்டு மருந்துக் கடை அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

பொட்டலம் எழுதியது:

வணக்கம். அப்பாவும் அம்மாவும் ஜூன் கடைசியில் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். இரண்டு மாதம் இருப்பார்கள். அம்மாவுக்குப் பேத்தி இருந்தால் போதும், லண்டன் எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்க மாட்டார். அப்பாவை வைத்துக்கொண்டுதான் என்ன செய்வது என்று தெரியவில்லை. திருநெல்வேலி டவுனில் 41 வருஷம் நாட்டு மருந்துக் கடை நடத்தியவர். போன தை மாதம்தான் சித்தப்பா மகன் கையில் சாவியைக் கொடுத்தார். கொடுத்த பிறகும் காலையில் எழுந்ததும் கால் கடைக்குத்தான் போகிறதாம், அம்மா சொல்கிறார்.

போன தடவை வந்தபோது பிக் பென், அரண்மனை, டவர் பிரிட்ஜ் எல்லாம் காட்டினேன். பாலத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடுக்கும்போது, "இந்த ஊரில் சுக்கு கிலோ என்ன விலை?" என்று கேட்டார். மறுநாள் கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் அதிமதுரத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு, "பழைய சரக்கு" என்று கடைக்காரர் காதில் விழும்படியே சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு நான் போவதில்லை.

செல்சீ பக்கம் 1673-இல் தொடங்கிய மூலிகைத் தோட்டம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். பெயர் செல்சீ ஃபிசிக் கார்டன். ஆபீசில் ஒருவனிடம் சொன்னேன், இயற்பியல் தோட்டமா என்று கேட்டான். யாராவது போயிருக்கிறீர்களா? அப்பா ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பார், அவ்வளவுதான். முட்டி வலி உண்டு, நிறைய நடக்க முடியாது. டிக்கெட்டைப் பார்த்தால் கொஞ்சம் கை கடிக்கிறது. ரோஜாவையும் புல்வெளியையும் காட்டிவிட்டு அனுப்பிவிடுவார்களா, இல்லை உண்மையிலேயே சரக்கு இருக்கிறதா?

---

மாத்திரைக்காரி எழுதியது:

கூட்டிப் போங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். நான் முதல்முறை ஒரு சனிக்கிழமைதான் போனேன். சனிக்கிழமை விடுமுறை என்பதைப் பார்க்காமல் அம்மாவையும் இழுத்துக்கொண்டு போய்ப் பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் நாளையும் நேரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நான் நாகர்கோவில்காரி, இங்கே ஒரு ஆஸ்பத்திரி ஃபார்மசியில் 14 வருஷமாக வேலை. அதனால் இந்தத் தோட்டத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஃபிசிக் என்பது மருந்துக்குப் பழைய ஆங்கிலச் சொல். தோட்டத்தைப் போட்டவர்கள் அப்பாத்திகரிகள். பச்சிலை, வேர், பட்டை வாங்கி, இடித்து, சலித்து, கலந்து விற்றவர்கள். சரியாகச் சொன்னால் உங்கள் அப்பா. ஊர்க்காரர்கள் வியாதி சொல்லி இவர்களிடமே மருந்து கேட்பார்கள். பட்டம் வாங்கிய டாக்டர்களுக்கு அதில் எரிச்சல். வழக்கு நடந்து, 1704-இல் பிரபுக்கள் சபை வரை போய், அப்பாத்திகரி வைத்தியமும் சொல்லலாம் என்று தீர்ப்பானது. இந்த ஒரு கதையைச் சொன்னால் போதும், உங்கள் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

தோட்டம் எதற்கு? கடையில் வேலை பழகும் பையன்களுக்குச் செடியை உயிரோடு காட்ட. காய்ந்த பிறகு எல்லா இலையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். போலிச் சரக்கைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் பச்சையாக இருக்கும்போதே பூவும் காயும் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். இதற்கென்றே அங்கே சம்பளத்துக்கு ஆள் இருந்தார். பதவியின் பெயரே செடி காட்டுபவர் என்பதுதான். ஆற்றோரமாக இடம் பிடித்ததற்கும் காரணம் உண்டு. அவர்களுடைய படகு நிறுத்த ஓர் இடம் வேண்டியிருந்தது. பையன்களைப் படகில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே செடி தேடப் போவார்கள். 1874-இல் கரை கட்டி ரோடு போட்ட பிறகு தேம்ஸ் கொஞ்சம் விலகிவிட்டது.

மொத்தம் 4 ஏக்கர்தான். முட்டிக்குப் பயம் வேண்டாம், ஐம்பதடிக்கு ஒரு பெஞ்சாவது கண்ணில் படும். சுற்றிலும் உயரமான செங்கல் சுவர், தெற்கே ஆறு. உள்ளே நுழைந்தால் வெளியே இருப்பதைவிட ஒரு ஸ்வெட்டர் கதகதப்பு. இந்த ஊர்க் குளிரில் வெட்டவெளியில் ஆலிவ் மரம் காய்த்து நிற்கிறது என்றால் பாருங்கள். நடுவில் ஒருவர் சிலையாக நிற்பார். அவர்தான் ஹான்ஸ் ஸ்லோன். செல்சீ ஜமீன் நிலத்தை வாங்கியவர். 1722-இல் தோட்டத்தை வருஷம் 5 பவுண்டு வாடகைக்கு, காலம் முழுவதற்கும் என்று எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை: ஆண்டுக்கு 50 செடி மாதிரிகளைக் காயவைத்து ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும், ஒரே செடியைத் திரும்பக் கொடுக்கக் கூடாது, 2000 சேரும்வரை. நிலத்தைக் கொடுத்தவர் வேலையை எப்படிக் கறந்தார் பாருங்கள். அதே வருஷம் தோட்டக்காரராக வந்த பிலிப் மில்லர் கிட்டத்தட்ட 50 வருஷம் அங்கேயே இருந்தார். செடிகளுக்கு லத்தீன் பெயர் வைத்த லின்னேயஸ் 1736-இல் இவரைப் பார்க்கத்தான் வந்தார்.

பாறைக் குளம் ஒன்று இருக்கும். 1773-இல் கட்டியது. அதில் கறுப்பாகக் கிடப்பது ஐஸ்லாந்து எரிமலைக் கல், ஜோசப் பேங்க்ஸ் என்ற செடி ஆராய்ச்சிக்காரர் கப்பலில் கொண்டுவந்தது. அதை இரண்டு நிமிஷத்தில் கடந்து விடலாம், அப்பாவுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

அவரை நேராக மருந்துப் பாத்திகளுக்குக் கூட்டிப் போங்கள். இந்தக் காலத்து மருந்து எந்தச் செடியிலிருந்து வந்தது என்று வியாதிவாரியாக நட்டு வைத்திருக்கிறார்கள். இதயத்துக்கு டிஜிட்டாலிஸ், கண் டாக்டர் விடும் சொட்டு மருந்துக்கு பெல்லடோனா, இப்படி. அங்கே ஒரு பாத்தியில் என் அம்மா சட்டென்று நின்று, "இதென்ன சுடுகாட்டு மல்லியைப் போய் வேலி கட்டி வைத்திருக்கிறான்?" என்றாள். நம் நித்தியகல்யாணிதான்! பூர்வீகம் மடகாஸ்கர். பாரிஸிலிருந்து விதை வந்து, மில்லர் இதே தோட்டத்தில் வளர்த்தார். அவர் வெளியிட்ட படத்தை வைத்துத்தான் லின்னேயஸ் 1759-இல் பெயர் வைத்தார். 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இரண்டு பேர் இதைச் சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. எலிகளின் வெள்ளணு இறங்கியது. வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து வந்தது அப்படித்தான், பின்னாலேயே வின்கிரிஸ்டினும்.

வின்கிரிஸ்டின் நான் கையால் தொடும் மருந்து. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குப் போகும் பை. சின்னப் பை, உள்ளே தண்ணீர் போலத்தான் இருக்கும். அதன் மேல் ஒட்டும் சீட்டில், ரத்தக் குழாய் வழியாக மட்டும், வேறு வழியில் கொடுத்தால் உயிர் போகும் என்று அச்சடித்திருக்கும். இரண்டு பேர் வாசித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அறையை விட்டு வெளியே போகும். அந்த வாரம் முழுக்கச் சீட்டு ஒட்டும்போதெல்லாம் அம்மா சொன்ன சுடுகாட்டு மல்லி ஞாபகம்தான்.

ஒரு எச்சரிக்கை. நம் வீட்டுப் பெரியவர்கள் கை சும்மா இருக்காது. அம்மா அருவதாவைப் பார்த்தாள். கைக்குழந்தைக்கு நம் பக்கம் வேப்பிலையோடு வைப்பார்களே, சதாப்பு என்றும் சொல்வார்கள், அதுதான். பார்த்ததும் ஒரு கொத்தைக் கிள்ளிக் கசக்கி மூக்கில் வைத்துவிட்டாள். ஒரு தொண்டர் அம்மாள் ஓடி வந்தார். திட்டவில்லை. "கையைக் கழுவிவிடுங்கள், இந்தச் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளம் வரும்" என்றார். அம்மா நம்பவில்லை. "நான் நாலு பிள்ளை வளர்த்திருக்கிறேன்" என்றாள், தமிழில். அந்த அம்மாள் தலையாட்டிக்கொண்டே குழாய் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனார். அவர் சொன்னது சரிதான், சாற்றில் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடும் பொருள் இருக்கிறது. அதனால் அப்பாவிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள், கண்ணால் மட்டும்.

ஆங்கிலம் பிரச்சினையே இல்லை. பெயர்ப் பலகையில் லத்தீன் பெயர் இருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு துண்டுக் காகிதத்தில் லத்தீனும் தமிழும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதிமதுரம், வசம்பு, அமுக்கரா, கருஞ்சீரகம், ஊமத்தை, ஆமணக்கு. ஆடாதோடைக்கு எழுதவே வேண்டாம், அதன் பழைய லத்தீன் பெயரே அதாடோடாதான், நம் பக்கத்திலிருந்து போன சொல். நிலாவாரையையும் எழுதுங்கள். பிரிட்டிஷ் மருந்து நூலில் அதற்குப் பெயர் டின்னவெல்லி சென்னா. டின்னவெல்லி எந்த ஊர் என்று உங்கள் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறினால் மாறாமல் ஸ்லோன் ஸ்கொயர். அங்கிருந்து மெதுவாக நடந்தால் கால் மணி நேரம். முட்டி கேட்காவிட்டால் டாக்ஸி.

---

க்யூ_போங்க எழுதியது:

நான் போன மார்ச்சில் போனேன். பாதிப் பாத்தியில் மண்ணும் பலகையும்தான். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது, காபி குடித்துவிட்டு வந்தோம். அதே காசுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் க்யூ தோட்டத்தில் பனைமர வீடு, பெரிய அல்லி எல்லாம் பார்க்கலாம், குழந்தைக்கும் ஓட இடம் இருக்கும். செடியின் வரலாறு எல்லாம் வீட்டில் உட்கார்ந்து படிக்கலாமே.

---

மாத்திரைக்காரி எழுதியது:

மார்ச்சில் போனால் மண்தான். ஜூலையில் போகச் சொல்லுங்கள். க்யூ 300 ஏக்கருக்கு மேல், முட்டி வலிக்காரரை அங்கே கூட்டிப் போய் என்ன செய்வது?

---

வடமராட்சி எழுதியது:

நித்தியகல்யாணியை நாங்கள் பட்டிப்பூ என்றுதான் சொல்வோம். அம்மம்மா கிணற்றடியில் வெள்ளையும் நாவல் நிறமும் வைத்திருந்தவ. காலையில் சாமிக்குப் பறிக்கிறது என் வேலை. மருந்துக்கு என்று ஒருநாளும் கேள்விப்பட்டதில்லை.

ஸ்லோனைப் பற்றி ஒரு சொல். 5 பவுண்டு வாடகைக் கதை நல்ல கதைதான். ஆனால் நிலம் வாங்குகிற காசு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வைத்தியத்தில் சம்பாதித்தவர், அது உண்மை. மனைவி எலிசபெத்துக்கு முதல் கலியாணத்தால் ஜமைக்காவில் கரும்புத் தோட்டம் இருந்தது. அங்கே வேலை செய்தது அடிமைகள். ஸ்லோன் சேர்த்த பொருட்களை வைத்துத்தான் பிரிட்டிஷ் மியூசியம் 1753-இல் தொடங்கியது. அங்கே இருந்த அவருடைய மார்பளவுச் சிலையை 2020-இல் பீடத்திலிருந்து எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அடிமை வியாபாரத் தொடர்பையும் எழுதிப் போட்டார்கள். போகிற ஆட்கள் அதையும் தெரிந்துகொண்டு போகட்டும் என்று எழுதினேன். தோட்டத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை, நான் இரண்டு தரம் போயிருக்கிறேன்.

பொட்டலம் தம்பி, உங்கள் அம்மாவும் வருவா என்றால் எலிசபெத் பிளாக்வெல் கதையைச் சொல்லுங்கோ. புருசன் கடனுக்காகச் சிறையில். இந்த அம்மா தோட்டத்துக்குப் பக்கத்தில் வீடு எடுத்து, செடிகளைப் பார்த்துப் படம் வரைந்து, தானே செம்பில் செதுக்கி, தானே நிறம் தீட்டினவ. 1737 முதல் 1739 வரை, 500 படம். புருசன் சிறைக்குள் இருந்து செடிப் பெயர்களை எழுதிக் கொடுத்தவர். அந்தக் காசில் அவரை வெளியே எடுத்தா. அவர் பிறகு சுவீடனுக்குப் போய், அரச விவகாரத்தில் மாட்டி 1747-இல் தலை போனது. மனுசி பட்ட பாடு!

---

பொட்டலம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வடமராட்சி அண்ணா, பிளாக்வெல் கதையை அம்மாவிடம் போனில் சொன்னேன். "அந்த ஆளை உள்ளேயே விட்டிருக்கலாம்" என்றார்.

மாத்திரைக்காரி அக்கா, ஒரு கேள்வி. நம் ஊர்ச் செடிகள் இவர்களுக்கு அந்தக் காலத்திலேயே தெரியுமா? அப்பா நிச்சயம் கேட்பார்.

---

மாத்திரைக்காரி எழுதியது:

தெரியும், அதுவும் தமிழ்ப் பெயரோடு. சென்னை ஜார்ஜ் கோட்டையில் சாமுவேல் பிரவுன் என்று ஒரு சர்ஜன் இருந்தார். 1690-களில் கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் செடி சேகரித்து, உள்ளூர்ப் பெயரையும் எதற்கு ஆகும் என்பதையும் எழுதி லண்டனுக்கு அனுப்பினார். வாங்கியவர் ஜேம்ஸ் பெட்டிவர் என்ற அப்பாத்திகரி. அவர் 1698-இல் அதை ராயல் சொசைட்டி இதழில் அச்சிட்டார். நம் பெயர்களை மலபார் பெயர் என்று போட்டிருப்பார், அப்போது தமிழை அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். பிற்பாடு இதே செல்சீ தோட்டத்தில் செடி காட்டும் வேலையும் பார்த்தார். அவருடைய சேகரம் ஸ்லோன் கைக்குப் போய், காய்ந்த செடிகள் இன்றும் சவுத் கென்சிங்டனில் இயற்கை வரலாற்று மியூசியத்தில் இருக்கின்றன.

லத்தீன் பெயரில் மதராஸ்படென்சிஸ் என்று முடியும் செடிகளைப் பார்த்திருப்பீர்கள். மேலாநெல்லிக்கு அப்படித்தான். மதராசப்பட்டினத்துச் செடி என்று அர்த்தம். பிரவுனுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்த ஊர்க்காரர்கள் யார் என்று ஒரு இடத்திலும் காணோம்.

---

பொட்டலம் எழுதியது:

போய் வந்தோம். ஜூலை இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை. லீவு போட்டேன். அம்மா வரவில்லை.

முதல் பத்து நிமிஷம் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நடந்தார். ஸ்லோன் சிலையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இவர்தான் முதலாளியா?" என்றார். வாடகைக் கதையைச் சொன்னேன். வருஷத்துக்கு 50 மாதிரி என்றதும் நின்றார். "திரும்பத் திரும்ப ஒரே சரக்கைக் கொடுத்து ஏமாத்திருவான்னு தெரிஞ்சிருக்கு. வியாபாரம் தெரிஞ்ச ஆளு." வடமராட்சி அண்ணா சொன்ன ஜமைக்கா விஷயத்தையும் சொன்னேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சிலையை இன்னொரு தடவை பார்த்தார்.

துண்டுக் காகிதம் வேலை செய்தது. முதலில் நான்தான் லத்தீனைப் பார்த்துத் தமிழ் சொன்னேன். நாலாவது செடியிலிருந்து அவர் செடியைப் பார்த்துத் தமிழ் சொல்லி, நான் பலகையைச் சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அதிமதுரத்தை மட்டும் செடியாக அவர் பார்த்ததே இல்லையாம்! 41 வருஷம் மூட்டை மூட்டையாக வேர் விற்றவர். குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, இலையைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். "இது அவரை ஜாதியால்லா" என்றார். பலகையில் குடும்பம் என்ன போட்டிருக்கிறது என்று தேடினேன். அவரை ஜாதியேதான்.

நித்தியகல்யாணிப் பாத்தியில் அரை மணி நேரம் ஆயிற்று. அக்கா எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன், அந்தச் சீட்டு, இரண்டு கையெழுத்து, எல்லாம். அதைக் கேட்டுவிட்டுத்தான் இந்த விஷயம் சொன்னார், எனக்கு இத்தனை நாள் தெரியாது. கடை ஆரம்பித்த புதிதில் ஒரு வியாபாரி கொண்டுவந்த கீழாநெல்லி மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கிவிட்டாராம். பாதி விற்ற பிறகு ஒரு கிழவி பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் கொட்டியிருக்கிறாள். ஒரு காம்பை எடுத்துக் காட்டி, "கீழாநெல்லின்னா இலைக்கு அடியில வரிசையா காய் தொங்கணும் தம்பி. இது மேலாநெல்லி. எழுத்து படிச்சிருக்க, இலை படிக்கலையே" என்றாளாம். மிச்சமிருந்த மூட்டையை அப்பா ஆற்றங்கரையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்திருக்கிறார். அன்றிலிருந்து மூட்டை வந்தால் தரையில் உதறிப் பார்க்காமல் எடை போட்டதில்லை. சின்ன வயதில் அந்த உதறலுக்கு நான் எத்தனை தடவை தும்மியிருக்கிறேன்.

கை வைக்காதீர்கள் என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். வைக்கவில்லை. ஆனால் அருவதாவுக்கு முன்னால் குனிந்து நன்றாக மூச்சை இழுத்தார். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி களை பறித்துக்கொண்டிருந்தார். அப்பா அவரைப் பார்த்து, குழந்தையைத் தாலாட்டுவது போலக் கையை ஆட்டிக் காட்டி, செடியைக் காட்டி, தலையசைத்தார். அவரும் பெரிதாகத் தலையசைத்தார். என்ன புரிந்ததோ.

டிக்கெட் விலையை அவரிடம் சொல்லவில்லை. வாசல் கடையில் விதைப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து, அதன் விலையை ரூபாயில் கணக்குப் போட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார்.

அக்கா, அப்பா கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று. எங்கள் பக்கம், தூத்துக்குடி வரைக்கும், நித்தியகல்யாணியைப் பயிராகவே போட்டு, வேரும் இலையும் காயவைத்து அனுப்புகிறார்கள். அவரே ஒரு காலத்தில் கமிஷனுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். மூட்டை எங்கே போகிறது என்று அப்போது கேட்டதில்லையாம். நீங்கள் சீட்டு ஒட்டும் அந்த மருந்து எந்த ஊர் இலையில் செய்தது என்று குப்பியில் போட்டிருக்குமா?

---

மாத்திரைக்காரி எழுதியது:

இன்று வேலையில் எடுத்துப் பார்த்தேன். கம்பெனி பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி, குளிர்பெட்டியில் வைக்கவும் என்ற வரி. ஊர் இல்லை.